டீ வரும்போது ஒன்பது

"எத்தனை பேர் தாங்கும்?
ஒரே நம்பரா சொல்லுங்க"
என்றார் துவாரகநாத்.
மேல ஆவணி மூல வீதி, மூன்றாம் மாடி,
கல்யாண ஆல்பம் தயாராகும் கூடம்.
முப்பத்திரண்டு நாற்காலி.
தை பிறந்தால் இன்னும் எட்டு.
மாடிப்படி அடியில், இரும்புக் கிராதிக்குள்
முனகிக்கொண்டிருக்கிறது ஒரே சர்வர்.

தாங்குவது என்றால் என்ன என்று கேட்டேன்.
மாப்பிள்ளையின் கன்னத்துப் பருவை
முக்கால் மணி நேரமாக அழிக்கிற பெனடிக்டா
சர்வரைத் தொடுவதே இல்லை.
அவளைப் போல இருநூறு பேர் உட்காரலாம்.
மூலையில் ஒச்சப்பன்
அலங்காநல்லூர்க் கல்யாணம் ஒன்றை,
நாலாயிரத்து அறுநூறு படத்தை,
ஒரே இழுப்பில் இழுக்கிறான்.
அவனைப் போல மூன்று பேர் போதும்,
மொத்தக் கூடமும்
சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவருக்குப் பிடிபடவில்லை.
ராத்திரி சிம்மக்கல்லில்
ஒரு புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன்.
அறுபது இருக்கை. கல் ஒன்று.
"நாற்காலியை எண்ணாதீங்க சார்,
கல்லை எண்ணுங்க."
சொல்லி வாய் மூடவில்லை,
பின்மேசையில் எட்டுப் பேர்
முட்டைக் கொத்து கேட்டார்கள்.
மாஸ்டர் பாதிக் கல்லைக் காலிசெய்து
டங்கு டங்கென்று ஆரம்பித்தார்.
எங்கள் இரண்டு வீச்சு வர இருபது நிமிடம்.
துவாரகநாத் வாட்சைப் பார்த்தார்.
கல்லைப் பார்த்தார்.
"அந்த எட்டுப் பேரு, நம்ம ஒச்சப்பனா?"

மறுநாளிலிருந்து கணக்கெடுத்தேன்.
வட்டின் வாசலில் எத்தனை வேலை காத்திருக்கிறது
என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை
ஒரு சின்ன நிரல் குறித்துக்கொண்டே இருந்தது.
ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரம்.
ஆடியில் எடுத்திருந்தால்
சொர்க்கம் என்று பொய் சொல்லியிருக்கும்.

கோடு பெரும்பாலும்
கோடை வைகை மாதிரி தரையோடு கிடந்தது.
ஆனால் தினம் பதினொன்று ஐந்துக்கும்
நாலு இருபதுக்கும்
செங்குத்தாக ஒரு முள்.
வெள்ளிக்கிழமை மட்டும்
நாலு இருபது முள் இல்லை.

வைரஸ் என்று நினைத்தேன்.
பேக்கப் என்று நினைத்தேன்.
வயரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன்,
ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஆறாம் நாள் பதினொன்று ஐந்துக்கு
திரையை விட்டுத் தலையைத் தூக்கினேன்.
வாசலில் ஷாஜகான், பின்னால் அவர் மச்சான்,
கைக்கொரு தூக்கு, தூக்குக்கு எட்டு டம்ளர்.
முப்பத்திரண்டு இடது கைகள்
ஒரே மூச்சில் கோப்பைச் சேமித்தன.
முப்பத்திரண்டு வலது கைகள்
டம்ளருக்கு நீண்டன.
கோப்பு ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி.

வெள்ளி மதியம் ஷாஜகான் கடை திறப்பதில்லை.

அறிக்கை ஒரு பக்கம்கூட வரவில்லை.
சாதாரண நேரத்தில் ஐம்பது பேர்.
டீ வரும்போது ஒன்பது.
துவாரகநாத் இரண்டு தடவை படித்தார்.
புது சர்வர் கொட்டேஷனை
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
கிழிக்கவில்லை.
ஷாஜகானைக் கூப்பிட்டார்:
ஒரு நேரத்தில் ஒரு தூக்கு.
அடுத்தது பத்து நிமிடம் கழித்து.

"நாலு தடவை மூணு மாடி ஏறணுமா?"
முழங்காலைத் தொட்டுக் காட்டினார் ஷாஜகான்.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடக் கேட்டார்.
பேரம் இல்லாமல் முடிந்தது.
செலவுப் பட்டியலில் அதை
'வன்பொருள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்.
கணக்குப்பிள்ளை இன்னும் கேட்கவில்லை.

தை முதல் முகூர்த்தம் கழிந்த திங்கள்,
நாற்பது பேர்.
பதினொரு மணிக்கு மேல்
கோட்டில் ஐந்து சின்ன மேடுகள்,
ஒன்றன் பின் ஒன்றாக,
மூச்சு வாங்கிப் படியேறும் ஆள் மாதிரி
ஐந்தாவது கொஞ்சம் தாமதமாக.