மாதிரி இலக்கம் 212

மூன்று தரம் கழுவ வேண்டும் போத்தலை,
எந்தக் கிணறோ
அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே.
பிறகு நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி
நெற்றியில் ஒட்ட வேண்டும்:
இடம், திகதி, ஆழம், பாவனை.

இது என் வேலை.
புத்தூர், அச்சுவேலி, மல்லாகம்.
வெங்காயத்துக்குப் போட்ட யூரியா
எந்த மாரியோடு எவருடைய வளவுக்குள் இறங்கியதென்று
நைத்திரேற்று என்னிடம் சொல்லிவிடும்.

பின்னேரம் நாலரைக்கு
மோட்டார்சைக்கிள் விடுகிற இடத்தில்
மதிலோடு சாய்ந்து நான் இழுப்பது
மாம்பழ ஐஸ்.
கறுத்தக்கொழும்பான் காய்க்கிற ஊரில்
எந்த மரத்திலும் காய்க்காத மாம்பழம்.
டிலக்சன் தந்தது.
அவனுக்குக் கொழும்பிலிருந்து வந்தது.
கொழும்புக்கு எங்கிருந்து என்று அவன் கேட்கவில்லை,
நானும்.

முதலில் நாக்கு போனது.
விடிய எழும்பினால்
அண்ணத்தில் யாரோ ஒட்டிவிட்ட முத்திரை அது.
பாண் இறங்கத் தேத்தண்ணி வேணும்,
தேத்தண்ணி இறங்கத் தண்ணி வேணும்.
விடாய் என்று நினைத்தேன்.
விடாய் தண்ணீருக்கு அடங்கும்.
இதுவோ, வயிறு தளம்பத் தளம்ப
வாய் மட்டும் ஆடி மாத உப்பளம்.

பல்லு டொக்டர் கன்னத்தை விலக்கினா.
கண்ணாடி கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது.
"உமிழ்நீரே இல்லை. சீனி வருத்தமோ?"
இல்லை.
"சிகரெட்?"
இல்லை என்றேன். அது பொய்யில்லை.
முரசோரம் இரண்டு பல்லில்
சொத்தை தொடங்கியிருந்தது.

கிளிசரினை எனக்குத் தெரியும்.
எங்கள் இரண்டாம் தட்டில் இருக்கிறது.
ஒருமுறை தீபாவளி லீவுக்கு மூடாமல் விட்டுப் போனோம்,
வந்து பார்த்தால் அளவு கூடியிருந்தது.
காற்றின் ஈரத்தை இழுத்துக் குடிக்கிற சாமான்.
என் வாயில் காற்றைவிட ஈரம் இருந்தது.

போத்தலில் நாலு பேர் எழுதியிருக்கிறது.
புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின்:
மூவரையும் கடதாசியில் கீறிக் காட்டுவேன்.
நாலாவது, 'சுவையூட்டி'.
அந்த ஒரு சொல்லுக்குள்
நாற்பது பேர் ஒளிந்திருக்கலாம்.
கீழே சின்ன எழுத்தில், உணவுத் தரம்.
சம்பலில் போட்டுத் தின்னவா வாங்கினேன்?
வயிறென்றால் பிடிக்காததைச் சத்தி எடுக்கும்.
நுரையீரலுக்கு நாக்குமில்லை, சத்தியுமில்லை.

செவ்வாய்க்கிழமை
அளவெட்டியிலிருந்து பராசக்தி அக்கா வந்தா.
இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை,
கையில் நெக்டோ போத்தலில் கிணற்றுத் தண்ணீர்.
நல்ல போத்தல் கொடுத்துத் திரும்ப அனுப்பி,
அவ திரும்பவும் வந்து,
211 என்று ஒட்டினேன்.

"பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ தம்பி?"
முடிவு வர நாலு நாள், அதுவரைக்கும் வேண்டாம்.
"பாக்கத் தெளிவாத்தானே இருக்கு?"
தெளிவா இருக்கிறது கணக்கில்லை அக்கா.
"என்ன இருக்கெண்டு தெரியிற வரைக்கும்
குடுக்காதை எண்டுறியள்."
ஓம்.
போகும்போது திரும்பி,
"உங்களிட்ட மாம்பழம் மணக்குது" என்றா.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
புதுப் படிவம் ஒன்று எடுத்தேன்.

இடம்: கஸ்தூரியார் வீதி, ரெலிபோன் கடை, கீழ் லாச்சி.
ஆழம்: தெரியாது.
நிறம்: இளமஞ்சள்.
மணம்: மாம்பழம், அல்லது மாம்பழத்தைப் பற்றிய வதந்தி.
பாவனை: குடிநீர், விவசாயம், ஏனையவை.
ஏனையவையின் கீழ் கோடு போட்டேன்.

சனிக்கிழமை
211 தேறவில்லை.
அக்காவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.
நாக்கு ஒட்டியதால்
இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது.

212 இன்னும் தட்டில் இருக்கிறது.
அதைச் சோதிக்க எங்களிடம் மெசின் இல்லை.
சட்டைப்பையில் மற்றது இருக்கிறது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
மூடியை நான் வடிவாகப் பூட்டவில்லைப் போல.
இன்று பார்த்தேன்,
அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது.