மாதிரி எண் நாற்பத்தொன்று

ஐஸ்கிரீம் கப்புகளோடு வருகிறவளை
மேலப்பாளையம் சந்தை நாய்களுக்குத் தெரியும்.
மனிதர்களுக்குத்தான் விளங்கவில்லை.
"ஏட்டி, இதை அள்ளிட்டுப் போயி என்னதான் செய்வே?"
குப்பைவண்டி பேச்சித்தாய்
செவ்வாய்தோறும் கேட்கிறாள்.

ராமையன்பட்டியில்
உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, காத்திருப்பேன்.
தூத்துக்குடி உப்பு, மளிகைக்கடையில் வாங்கியது.
இருபது நிமிடத்தில்
முட்டைகள் மேலேறிக் கண்ணாடியில் ஒட்டும்.
கொக்கிப்புழுவுக்கு ஓடு மெல்லிசு,
நாக்குப்பூச்சிக்குத் தையல்காரர் விரலுறை போலக்
குழிகுழியாய்.
நாடாப்புழு இந்த வேலைக்கெல்லாம் வராது;
பூனையின் வாலடியில்
அரிசிமணியாய்க் காய்ந்து கிடக்கும்.

அறுபத்தெட்டு நாய், முப்பத்தொரு பூனை.
எண்ணினால் போதும் என்றார்கள்.
மருந்து கொடுப்பது ஆய்வில் இல்லை.

நாற்பத்தொன்று
செய்தலி பாய் கறிக்கடைப் படிக்குக் கீழே
குட்டி போட்ட செவலை.
ஈறு, ஊறவைத்த சோறாய் வெளுத்திருந்தது.
அவளிடம் கொடுக்க இருந்தது பால்.
பாலில் இருந்தது புழு.

பாய் தொடமாட்டார்.
ஈரல் துண்டை எறியும் தூரம் மட்டும் வருவார்.
அதற்குள் மாத்திரையைச் செருகினேன்.
குட்டிகளுக்கு மஞ்சள் மருந்து, ஊசியில்லா சிரிஞ்சில்.
ஒன்று என் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே
தூங்கிவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் போய் நின்றேன்,
பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல.
பேச்சித்தாயும் விளக்குமாற்றை ஊன்றிக் குனிந்தாள்.
"அட, சேமியா மாதிரில்லா கெடக்கு!"
அவள் சிரித்த சிரிப்பில்
கறிக்கடைக் காகங்கள் எழும்பின.

சிரித்துக்கொண்டே
ஒரு காலால் மறுகாலைச் சொறிந்தாள்.
புறங்காலில் ஒரு சிவப்புக் கோடு,
வளைந்து, திரும்பி, வந்த வழியே மறுபடியும் போய்.
விலாசம் தப்பி வந்த புழு.
நாய்க்குடலுக்குப் புறப்பட்டது
இவள் தோலுக்கடியில் வழி கேட்டு அலைகிறது.

"பூட்சு குடுக்கலியா?"
"ஒம்பதாம் நம்பர் குடுத்தான். எங் காலு அஞ்சு."
"ஹைகிரவுண்டுக்கு வாங்க, தோல் டாக்டர்ட்ட காட்டுவோம்."
"ஒருநாச் சம்பளம் நீ தருவியா?"

அட்டவணையில்
இனம், வயது, பால், தெரு.
அவ்வளவுதான் கட்டங்கள்.

போகும்போது ஒரு கப்பு கேட்டாள், பொகையிலை வைக்க.
"புதுசுதானே?"
"புதுசு."
மோந்து பார்த்துவிட்டு
மடியில் செருகிக்கொண்டாள்.