பிறகு பார்த்துக்கொள்ளலாம்

இரண்டாவது கோல்கீப்பர்
டேனிலோ ஹ்ரின்சுக்கின் வேலை
பெஞ்சின் சின்னக் கதவைத் திறப்பது.
ஆள் மாறும்போது திற,
மூச்சிரைக்க வந்து விழுந்ததும் சாத்து.
பனித்தரையில் கால் வைக்காத ராத்திரிகளை
எண்ணத் தொடங்கி
நவம்பரில் விட்டுவிட்டான்.

பதினேழு வயது.
கால்காப்பு வாங்க அப்பா ட்ரக்கை விற்றார்.
அதை அவனுக்குச் சொன்னது வாங்கியவரின் மகன்.

ஸ்விஃப்ட் கரண்டில் அவனைத் தங்கவைத்த வீடு:
நிலத்தடி அறை, துணி உலர்த்தியின் உறுமல்,
ஃப்ரிட்ஜில் திருமதி ஃபேர்பேர்னின் சீட்டு,
"லசான்யா இரண்டாம் தட்டில்.
எல்லாவற்றையும் தின்னலாம்."

வியாழன் காலை மேலாளர் கூப்பிட்டார்.
வடக்கே பிரின்ஸ் ஜார்ஜுக்கு
அவனைக் கொடுத்தாயிற்றாம்.
பதிலுக்கு?
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
ஒப்பந்தத்திலும்
ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது.

பதினாறு மணி நேரப் பேருந்து.
ஈரம் காயாத கையுறை நாற்றத்துக்கு
முன்சீட்டுப் பெண் இருமுறை திரும்பிப் பார்த்தாள்.
மன்னிப்புக் கேட்டான், இருமுறையும்.

ஜன்னலில் மூச்சு உறைந்த பனியைக்
கட்டைவிரலால் சுரண்டினான்.
ஒரு வட்டம்,
சரியாக ஒரு பக் நுழையும் அளவு.
வெளியே இருட்டு வேகமாக வந்துகொண்டிருந்தது.

பழக்கதோஷம்,
உள்ளங்கையால் அடைத்துக்கொண்டான்.