முதுகின் ஈரம்

பியூலா மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்,
ராயபுரம் கல்மண்டபம் பக்கம்,
என் கதையில்.
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வீடு.
எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறாள்,
பார்ப்பதோ மாடிப்படிக்குக் கீழே
செருப்புக் குவியலுக்கு மேலே
மினுங்கும் ஓர் எண்.

முதலில் 'நான்' என்று எழுதினேன்.
இரண்டாம் பக்கத்திலேயே பியூலா
"தகரக் கூரைகளில் வெயில் உருகி வழிந்தது" என்றாள்.
வெயிலைப் பற்றி அவள் பேசினால்
"இன்னா காச்சு காச்சுது"
அத்தோடு சரி.
அவள் வாய்க்குள் என் நாக்கு.

'அவள்' என்று மாற்றினேன்.
கொஞ்சம் விலகியதும் பேராசை வந்தது.
அவள் தலைக்குள் போனேன்,
அதே வாக்கியத்தில்
கதவு திறந்த குமுதவல்லியின் தலைக்குள்ளும்.
அங்கிருந்து எழும்பித் துறைமுகக் கிரேன் உயரத்துக்கு.
மூன்று தெருப் பிள்ளைகளும்
பின்னாளில் என்ன ஆவார்கள் என்பது வரை தெரிந்தது.
அந்த உயரத்தில் யாருக்கும் வியர்க்கவில்லை.

இறங்கி வந்து சட்டம் போட்டேன்:
பியூலா பார்ப்பது மட்டும்,
பியூலா கேட்பது மட்டும்.
ஒட்டடை. டார்ச் வெளிச்சம்.
"யக்கா, மூணாவது மீட்டர் யார்து?"
நன்றாகத்தான் போயிற்று,
நான்காம் பத்தி வரை.

'அவள் குனிந்து எண்ணைக் குறித்தபோது
ரவிக்கையின் முதுகில்
வியர்வை ஒரு தீவாகப் பரந்திருந்தது.'

தன் முதுகை அவள் எப்படிப் பார்ப்பாள்?
அடித்துவிட்டால் தீர்ந்தது,
சின்னப் பிழைதான்.
கை வரவில்லை.
கதை முழுக்க
இந்த ஒரு வரிதான் கண்ணால் கண்டது.

அப்படியென்றால் அவளுக்குப் பின்னால்
யாரோ நிற்கிறார்கள்.
கதவில் ஒரு கை.
உள்ளே ஃபேன் ஓடுகிறது,
ஃபிரிட்ஜில் தண்ணீர் இருக்கிறது.

போன சித்திரை. எங்கள் வீடு.
அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நான் அட்டையைப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
"போன தடவையவிடக் கூட இருக்கே" என்றேன்.
அதைத்தான் சொன்னேன்.
அவள் பெயர் பியூலா இல்லை.
என்ன பெயரோ, கேட்கவில்லை.

மறுபடி 'நான்' என்றே தொடங்குகிறேன்,
இம்முறை பியூலாவாக அல்ல,
கதவைப் பிடித்திருக்கும் கையாக.
அதற்குத் தெரிந்தது கொஞ்சம்:
செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது,
பக்கத்து வீட்டு மணி அடித்தது.
கதவு திறந்ததா என்பது
இங்கிருந்து தெரியவில்லை.