நாற்பத்தோராம் பக்கத்துக் கரடி

டுலூத் நகர நூலகத்தின் நிலவறையில்
கிழிந்ததை ஒட்டுவதும் கிறுக்கியதை அழிப்பதும்
என் வேலை.
வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாதுக் கப்பல்கள் வர இன்னும் இரண்டு மாதம்.
மேசையில் வெண்டல் கோர்பி,
முதல் பாகம், மூன்று முறை அட்டை மாற்றிய பிரதி.

வடகோடியில், பனிமான் மேய்க்கும் மக்களிடையே,
ஊவ்லா என்ற மந்திரக் கிழவியிடம்
ஏழு குளிர்காலம் பறை கற்றேன் என்கிறார்.
நாற்பத்தோராம் பக்கத்தில்
விடிவதற்குள் கரடியாக மாறி
உறைந்த ஆற்றைக் கடக்கிறார்.

ஓரத்தில் நீல மை: கரடி விடுகிறான்.
கீழே பச்சை மை: நீ அந்த ஆற்றைக் கண்டாயா?
நீலம்: அவனும் கண்டதில்லை. அந்த ஏழு வருடமும்
சாக்ரமெண்டோவில் ஆயுள் காப்பீடு விற்றான்.
பச்சை: உடம்பு அங்கே இருந்திருக்கும்.
அதற்கு மேல் நீலம் எழுதவில்லை.
பேனா அழுத்தியதில் தாள் ஓட்டையாகியிருக்கிறது.

ரிஸ்டின் உத்சி ஓரத்தில் எழுதுகிறவள் அல்ல.
நேராக வந்து புத்தகத்தை மேசையில் போட்டாள்.
"ஊவ்லா என் அப்பாவின் பெயர்.
ஆண்பிள்ளைப் பெயரைக் கிழவிக்குச் சூட்டியிருக்கிறார்,
அதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.
எங்கள் பறைகளைப் பாதிரிமார் எரித்தார்கள்.
நெருப்புக்குத் தப்பியதை இவர் விற்கிறார்."
மானுடவியலில் இருந்ததை
அன்றே புனைவுக்கு மாற்றினேன்.

மறுவாரம் தோய்வோ நிஸ்கலா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
புனைவிலிருந்து அதைத் தேடி எடுத்து வந்தார்,
தப்பான வார்டில் கிடந்த நோயாளியைத்
தாங்கி வருவது போல.
"பொய்யென்று எனக்குத் தெரியாதா?
குடியை விட்ட இரவு கையில் இது இருந்தது.
டெலிபோன் டைரக்டரி இருந்திருந்தால்
அதை வாசித்திருப்பேன்.
ஆனால் இருந்தது இது."
மாலையில் சீட்டை மறுபடி மாற்றினேன்.
முதுகில் சீட்டின் மேல் சீட்டு,
ஆறாத புண்ணின் பொருக்கு போலத் தடித்துவிட்டது.

நடீன் புருசாக் இரவல் வாங்குவதே இல்லை.
அவள் தங்கை வீட்டை விற்றுக்
கோர்பியின் ஒன்பது நாள் முகாமுக்குப் போனாள்.
பத்தாம் நாள் வேறு பெயரோடு வந்தாள்.
பழைய பெயரால் கூப்பிட்டால்
இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.
செவ்வாய்தோறும் நடீன் வந்து
நான்கு பாகங்களையும்
சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.
புதன்கிழமை நான் நேராக்குகிறேன்.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒரே ஒருமுறை கோர்பி இந்த ஊருக்கு வந்தார்.
மெலிந்த மனிதர், சளி பிடித்திருந்தது.
யாரோ எழுந்து கரடியைப் பற்றிக் கேட்டதற்கு
மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"நான் அங்கே போகவில்லையென்றால்
எனக்கு ஏன் இன்னும் குளிர்கிறது?" என்றார்.
பாதி அரங்கு கைதட்டியது.
மீதிப் பாதி கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தது.
கதவருகே நான்,
போகிறவர்களுக்கு இடைஞ்சலாக.

இத்தனை சண்டை நடந்த புத்தகத்தில்
இருநூற்று மூன்றாம் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.
கிழவி அடுப்பருகே ஈரக் காலுறை காயப்போடுகிறாள்.
வலது காலுறையில், பெருவிரல் பக்கம், ஓட்டை.
தைக்கணும், தைக்கணும் என்று
புத்தகம் முழுக்கச் சொல்கிறாள். தைப்பதில்லை.
அங்கே நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.
அந்தக் காலுறையை எங்கேயோ
யார் காலிலோ அவர் பார்த்திருக்கிறார்.

இன்று அழிப்பானை எடுத்தேன்.
மை போகாது, பென்சில்தான் போகும்.
நாற்பத்தோராம் பக்கத்தில், கரடிக்கு நேரே,
நீலமும் பச்சையும் வந்து சேருமுன்
பத்தொன்பது வயதில் நான் எழுதிய
"ஆமாம்".

தேய்த்தேன். போய்விட்டது.
அந்த இடம் மட்டும் இப்போது
சுற்றியுள்ள தாளைவிட வெள்ளையாக,
என்னவோ எழுதியிருப்பது போலவே
இருக்கிறது.