முதுகை முன்னால் போட்டு

லோரோங் கூலிட்டில் ஞாயிறு காலை ஏழரை.
பெயரிலேயே தோல் இருக்கிறது.
தெருவில் கிடப்பதென்னவோ
துருப்பிடித்த மீன் தராசு,
டிவியைப் பறிகொடுத்த ரிமோட்டுகள்,
ஒற்றைக் கால் பூட்ஸ்.
நீலத் தார்ப்பாயின் ஓரத்தில்
யாரோ கழற்றிப் போட்ட பத்திருபது தோள்கள்.

"எல்லாம் அசல் கூலிட்" என்றார் பாக் சொப்ரி.
விரல் நுனியை நாக்கில் தொட்டு
கைமடிப்பில் ஒரு புள்ளி ஈரம் வைத்தேன்.
முதல் ஜாக்கெட்டில் அது முத்தாக நின்றது:
பிளாஸ்டிக்.
இரண்டாவது அக்குளில் உரிந்து
கறுப்புச் செதிலாய் நகத்தில் ஒட்டியது.
மூன்றாவது
குடித்துக்கொண்டது,
மெதுவாக, ஓரம் கருத்து,
தாகத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

பிறகு முகர்ந்தேன்.
நாய் மாதிரி மோந்து பாக்கறே என்றாள் தனேஸ்வரி.
செருப்பு கடிக்கிற நாய்க்குத்தானே தெரியும் தோல்.
பாச்சை உருண்டை, அதற்கடியில் ஈரச் சாக்கு,
அதற்கும் அடியில், தூரத்தில், மாடு.

மயிர்த்துளைகள் சீராக இல்லை. நல்லது.
அச்சடித்த தோலில் அவை
திங்கட்கிழமை பள்ளிக்கூட வரிசைபோல் நிற்கும்.
இடது தோளில் ஒரு தழும்பு,
முள்வேலியோ, உண்ணி கடித்ததோ.
தைத்தவனுக்கும் போட்டவனுக்கும் முந்தி
மாடு தானே பட்ட காயம்.

போட்டவன் யார்?
உள்துணிப் பட்டையில் ஜப்பான் எழுத்து.
வலது முழங்கை மட்டும் வெளுத்திருந்தது,
ஜன்னலில் கை வைத்தே வருஷக்கணக்காய் லாரி ஓட்டியிருக்கலாம்.
உள்பையில் ஒரு ரசீதாவது இருக்குமென்று துழாவினேன்.
பஞ்சுத் தூசி.

நூற்றைம்பது வெள்ளி.
எழுபது.
அவர் ஐஸ் கோப்பியை உறிஞ்சி வானம் பார்த்தார்.
ஜிப்பை மூன்று தரம் ஏற்றி இறக்கி
பல் ஒன்று விழுந்திருப்பதைக் காட்டினேன்.
தொண்ணூறு.

"சாமி மேடை இருக்கற வீட்டுல மாட்டுத்தோலா?"
"தண்ணீர்மலைல தைப்பூசத்துக்கு அடிச்சாங்களே உறுமி,
அது என்ன வாழைப்பட்டையா?"
"அது சாமிக்கு."
"இது மழைக்கு."
மூன்று நாள்
பதினாலாம் மாடி நடைவழியில்
சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் தொங்கியது ஜாக்கெட்.
நான்காம் நாள் என் அறைக்கு வந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.

இந்தத் தீவில் காற்றே பாதி தண்ணீர்.
நவம்பரில் காலரெல்லாம் பூஞ்சை,
விபூதி பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று.
வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி,
பிழிந்த துணி, தடித்த மர ஹேங்கர்.
வெயில் ஆகாது. பிளாஸ்டிக் உறை ஆகவே ஆகாது,
மூச்சு முட்டிச் செத்த தோல் இன்னொரு தரம் சாகும்.

இவ்வளவு தெரிந்த நான்
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில்
ஜாக்கெட் பளபளவென்று நாற்காலியில் கிடந்தது.
தேங்காயெண்ணெய்.
உள்ளங்கை உள்ளங்கையாகத் தேய்த்திருக்கிறாள்.
தடவவே கூடாது. கறை படியும், ஊசிப்போகும்,
பூஞ்சைக்கு அது விருந்து.
"காஞ்சு கெடந்துச்சு, பாவம்" என்றாள் தனேஸ்வரி,
உலை வைத்தபடி.
நான் சரி என்றேன்.

இப்போது காலரில் அவள் பின்னல் வாசம்.

இரவு பத்து மணி. தூறல்.
இங்கே கப்சாய் ஓட்டுகிற எல்லாரையும்போல
ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டுகிறேன்,
முதுகு முன்னால், ஜிப் பின்னால், பூட்டாமல்.
பாலத்தின் நடுவில் கடற்காற்று நேராக வந்து மோதுகிறது
எவனோ ஒருவனுடைய முதுகில்.
அவன் முதுகெலும்பு வளைந்த பள்ளத்தில்
என் நெஞ்சு சரியாகப் பொருந்தவில்லை.
இரண்டு விரல் இடைவெளி.
அதில் கொஞ்சம் சூடு தங்குகிறது.