பொத்தான்

தண்டவாளத்தில் மின்சாரம் அணைந்த பிறகுதான்
காத்திப் நிலையத்தில் எங்களுக்குப் பொழுது விடியும்.
நடைமேடைக்குப் பக்கத்துக்கு இருபத்துநான்கு கதவுகள்.
ஒவ்வொன்றையும் திறந்து, மூடி,
நடுவில் ஒரு மரக்கட்டையை நீட்டி
அது உணர்ந்து பின்வாங்குகிறதா என்று பார்ப்போம்.
பதினொரு வருடமாக இதுதான் என் சோறு.

அப்படிப்பட்ட நான்
போன செப்டம்பரில், ஜப்பானில்,
இரண்டே பெட்டிகள் கொண்ட ரயிலின் முன்னால்
திறக்காத கதவைப் பார்த்தபடி நின்றேன்.
பக்கத்தில் ருஸ்தாம்.
அதே பிரிவு, அதே சீருடை, ஒரே நாளில் கொடுத்த விடுப்புப் படிவம்.
"பழுதா?" என்றான்.
"பெட்டியக் கொண்டாரலையே" என்றேன்.

உள்ளேயிருந்த பள்ளிக்கூடப் பெண்
ஒரு காதின் இசையை மட்டும் கழற்றிவிட்டு
எழுந்து வந்து
பொத்தானை அழுத்தினாள்.

எங்கள் இருவர் சம்பளமும்
ஒரு கணம் அவள் விரல்நுனியில் இருந்தது.

அந்தத் தடத்தில் கதவு தானாகத் திறப்பதில்லை.
குளிர் உள்ளே வந்துவிடும் என்பதால் இருக்கலாம்.
வேண்டியவர் கேட்கட்டும் என்பதாலும் இருக்கலாம்.

ஒரு சுரங்கம், இன்னொன்று, பிறகு நெடிய ஒன்று.
அடைத்த காது திறந்தபோது
பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல்.
ஜன்னலுக்குக் கீழே தொடங்கி
மலையின் முழங்கால் வரைக்கும் கொடிமுந்திரி.

(மகள் ஆரபியின் எழுத்துக்கூட்டல் பட்டியலில் வந்த சொல்.
அவள் ஐந்து முறை எழுதினாள்.
நான் அதுவரை அதற்கு
ஒரு வேலையும் கொடுத்ததில்லை.)

எங்களோடு அந்த நிலையத்தில் இறங்க யாருமில்லை.
சீட்டை வாங்கவும் ஆளில்லை, ஒரு மரப்பெட்டிதான்.
மனமில்லாமல் போட்டேன்.
கேமரா எங்கே இருக்கிறது என்று
கூரை மூலைகளைத் துழாவினான் ருஸ்தாம்.
எங்கள் ஊர்ப் பழக்கம்.

பந்தலுக்கடியில் குனிந்துதான் நடக்கவேண்டும்.
குலைக்கு ஒரு காகிதத் தொப்பி,
மழை படாமல், வெயில் சுடாமல்.
தொப்பி போட்ட ஆயிரம் பேர் தொங்கிக்கொண்டு
இவர்களுக்கு வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று
யோசிப்பதுபோல் இருந்தது.

வைன் கடையில் அடுப்படி வாசம்.
ரப்பர் பூட்ஸோடு வந்தவள்
தேநீர்க் குவளையில் ஊற்றித் தந்தாள்.
சுழற்றச் சொல்லவில்லை, முகரச் சொல்லவில்லை.
ருஸ்தாம் நெஞ்சில் கைவைத்து மறுத்ததும்
உள்ளே போய்
அதே மாதிரிக் குவளையில் பழச்சாறு கொண்டுவந்தாள்.
இருவரும் ஒரே நிறத்தைக் குடித்தோம்.
என்னுடையதன் புளிப்பு மட்டும்
நாக்கின் ஓரத்தில் நின்றபடி
உட்கார இடம் தேடியது.
அவள் நிறையப் பேசினாள்.
ருஸ்தாம் "ஓகே லா" என்றான்.
அவளும் "லா" என்றாள்.

திரும்பும் ரயிலுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்.
இங்கே மூன்று நிமிடம் பிந்தினால்
காலைச் செய்தியில் எங்கள் மானம் போகும்.
அங்கே பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு நத்தை தண்டவாளத்தைக் கடந்து முடிப்பதைப் பார்த்தோம்.
அப்புறமும் நேரம் மிச்சமிருந்தது.

யீஷூன் பேரங்காடியில் போன வாரம் அதே பழம்.
தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.
ஒரு குலைக்கு ஒரு பெட்டி, முப்பத்தெட்டு வெள்ளி.
தூக்கிப் பார்த்தேன், கழுத்து வலித்தது,
குனியாமல் பார்த்ததாலோ என்னவோ.
வைத்துவிட்டு முட்டை வாங்கிவந்தேன்.

நேற்றிரவு பதினான்காம் கதவு பிடிவாதம் பிடித்தது.
சென்சாரைத் துடைத்தோம், பட்டையை இறுக்கினோம்,
வழக்கம்போல் திட்டினோம்.
கடைசியில் ருஸ்தாம் ஒன்றும் சொல்லாமல்
கதவோரத்து வெறும் கண்ணாடியில்
ஆள்காட்டி விரலை வைத்து
ஒருமுறை அழுத்தினான்.

திறந்தது என்று எழுத ஆசைதான்.

மணி மூன்று நாற்பது.
இன்னும் பத்துக் கதவுகள்.